மணல் வாளியில் கோழி

சிவப்பு வாளியின் மணலில் பக்கத்து வீட்டுக் கோழி அடை கிடக்கிறது. வெயிலுக்கு அலகைத் திறந்து மூச்சு வாங்குகிறது. பட்டாளத்து வெடிமருந்துக் கிடங்கிலிருந்து ஓய்வுபெற்று வந்த சீனிராஜ், தனியாளாக இருக்கும் வீட்டிலும் தீயணைக்க வாளி வைத்திருக்கிறார். கிடங்கில் பெரிய அதிகாரி வருகிற அன்றைக்கு வாளிக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்த மணலில்தான் இவரும் பீடியை அணைப்பார். கோழிக்காரி பொன்மணி கூடையோடு வருகிறாள். “தூக்கிட்டுப் போறேன் அண்ணாச்சி. தீப்பிடிச்சா மணலுக்கு எங்கன போவீய?” “கெடக்கட்டும் தாயி, டூட்டியில இருக்குது. வீட்டுல எனக்கும் ஒரு பேச்சுத்துணை வேணும்லா.” சிரித்துக்கொண்டே அவள் வெறுங்கூடையோடு திரும்புகிறாள். சீனிராஜ் பீடியை வாயில் வைத்துத் தீக்குச்சியை எடுக்கிறார். கோழி கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. எழுந்து தெருவுக்குப் போய்ப் பற்றவைக்கிறார்.