பத்தொன்பதாவது ‘பொறு’

அந்தப் பழைய நாடகத்தில் அரசி பத்தொன்பது முறை ‘பொறு’ என்கிறாள்.

எண்ணிவிட்டேன். வேதியியல் படித்தவள், கட்டம் போட்ட நோட்டில் எழுதாமல் எதையும் நம்ப மாட்டேன்.

முதல் ‘பொறு’ காவலனை நிறுத்துகிறது. ஆறாவது, அழும் மகனைத் தேற்றுகிறது. பன்னிரண்டாவது மிரட்டல். கடைசியை, தன் ஆணையால் செத்துக் கிடக்கும் அதே மகனிடம் சொல்கிறாள்.

மேடை ஓரத்தில் நின்று, காது கேளாதவர்களுக்கு வசனத்தைச் சைகையில் சொல்வது என் வேலை. பத்தொன்பது இடத்திலும் என் கை ஒரே மாதிரி அசையவில்லை.

இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை.

“ஒரு வார்த்தைக்கு எதுக்கும்மா இத்தனை கை? இன்னிக்கு ஒத்திகையில அவருக்குப் புரியலேன்னா, நாளைக்கு நீ வேண்டாம். திரையில எழுத்து ஓட்டிக்கிறேன்.”

அவர் காட்டியது மூன்றாம் வரிசையில், மரத்தூள் ஒட்டிய சட்டையோடு உட்கார்ந்திருந்தவரை. அன்று சைகை பார்க்க வந்தவர் அந்த ஒருவர்தான்.

ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் இறங்கிப் போய் அவர் முன் நின்றார்.

“அரசி என்னதான் சொன்னா? கேளு.”

கேட்டேன்.

அவர் எழுந்தார். உள்ளங்கையை உயர்த்திக் காவலனை நிறுத்தினார். காற்றில் ஒரு குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். விரலை நீட்டி மிரட்டினார். கடைசியில் குனிந்து, இல்லாத ஒரு நெற்றியைத் தொட்டு, கைகூப்பினார்.

நான் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அரசியாக நடித்தவர் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றிருந்தார்.

“எனக்கே இப்பத்தான் புரியுது,” என்றார் இயக்குநர். “நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துடும்மா.”

மூன்றாம் வரிசைக்காரரின் கை இன்னும் ஓயவில்லை. மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“என்னமோ சொல்றாரே?” என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. மூன்று வருடத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியதில்லை.

“நாடகம் நல்லா இருக்காம்,” என்றேன்.

வெளியே வந்து அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். அவருடைய சட்டையில் இன்னும் மரத்தூள் இருந்தது. வீட்டில் ஒரு காட்சியைக்கூட நான் அவருக்குக் காட்டியதில்லை.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பக்கத்து வண்டிக்காரரிடமும் அதையே சொன்னார்.

என்னைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு.