பத்து லட்சத்து ஒன்பது

பக்கவாதத்தில் விழுந்து எழுந்த கணக்கு வாத்தியார் அறவாழி, மூளை பழையபடி ஓடுகிறதா என்று பார்க்க மனைவியிடம் ஓர் எண் கேட்டார். பூங்கோதையும் கணக்கு டீச்சர்தான்.

"பத்து லட்சத்து ஒன்பது. எதால மீதியில்லாம வகுபடும்னு கண்டுபிடிங்க."

மூன்று வாரமாக இடது கையால் கிறுக்கி, அறுபத்தொரு பகா எண்களால் வகுத்துவிட்டார். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. ஒவ்வொரு முறையும் அவள், "சரி, அடுத்ததப் பாருங்க" என்பாள்.

இன்று இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. மீதி ஏழு. எரிச்சலில் பென்சிலை வீசினார். அவள் தாளைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்க."

அறவாழி நிமிர்ந்தார். "அப்ப இதுதானா?"

அவள் பென்சிலை எடுத்து வந்து நீட்டினாள்.

"பேசாம இருந்திருக்கலாம்ல" என்று தாளைக் கசக்கினார். அவள் பேசாமல் இருந்திருந்தால், இந்நேரம் அடுத்த பகா எண்ணான முன்னூற்று ஏழால் வகுத்துக்கொண்டிருப்பார்.