இணைப்பு கிடைக்கவில்லை

"மறுபடியும் நின்னுபோச்சு! எவன்யா கைவெச்சது?"

ஸ்ரீதர் போட்ட சத்தத்தில் பர்சனல் டிபார்ட்மென்ட்டே திரும்பிப் பார்த்தது.

மேனேஜர் கோதண்டத்தின் மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் மூன்றாவது நாளாக அதே வாசகத்தைக் காட்டியது: 'இணைப்பு கிடைக்கவில்லை.'

ஒரகடம் பக்கம் அப்போதுதான் முளைத்திருந்த உதிரிபாக ஃபாக்டரி அது. தொழிலாளிகள் தங்கள் குறையைக் கேன்டீன் வாசலில் இருக்கும் மெஷினில் தமிழிலேயே தட்டிவிடலாம். யாருக்கு, என்ன குறை என்று ஸ்ரீதரின் சாஃப்ட்வேர் வாக்கியத்தைப் பிரித்து, காலையில் மொத்தமாக மேனேஜருக்கு அனுப்பும். மதுரைத் தமிழோ நெல்லைத் தமிழோ, எதைப் போட்டாலும் பிரித்துவிடும் என்று மார்தட்டிக்கொண்டுதான் அவன் சென்னையிலிருந்து வந்திருந்தான்.

பிரிக்கிற புரோகிராம் சர்வர் ரூமில், கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் அருமையாக ஓடுகிறது. காலையில் வந்து பார்த்தால் செத்துக் கிடக்கிறது.

"கேபிள் சரி, நெட்வொர்க் சரி, எல்லாம் சரி. நான் போனப்புறம் யாரோ வேணும்னே நிறுத்தறாங்க சார். ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"எலக்ட்ரீசியன் மாசானம்கிட்ட. கான்ட்ராக்ட் ஆளு. தெக்கத்திக்காரன்."

மாசானம் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார்.

"சொல்லுய்யா, சர்வரை எதுக்கு ஆஃப் பண்றே?"

"நான் தொடவே இல்ல சார். ஏசி ஓடுதான்னு எட்டிப் பாப்பேன், அம்புட்டுதான்."

"பொய்! நேத்து கேன்டீன் மெஷின்ல ஒத்தை விரலால தட்டிக்கிட்டிருந்தே. என்னைக் கண்டதும் திருதிருன்னு முழிச்சே. நான் பார்க்கலைன்னு நெனச்சியா?"

மாசானம் தலையைக் குனிந்துகொண்டார். "அது வேற சோலி சார்."

"என்ன சோலி?"

"சொல்லுத மாதிரி இல்ல. அது கெடக்கட்டும். காலைல ஏதும் சாப்ட்டீயளா சார்? மொகமெல்லாம் வாடிப்போயி..."

அவ்வளவுதான், ஸ்ரீதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியாளுக்கு டோக்கன் கிடையாது என்று கேன்டீனில் விரட்டிவிட்டார்கள். வந்த நாளிலிருந்து பகலெல்லாம் பிஸ்கட்டும் டீயும்தான். அதைக் குத்திக்காட்டுகிறானா இந்த ஆள்? இவ்வளவு திமிரா?

"என் சாப்பாட்டைப் பத்தி நீ பேசாதே! சார், ஒண்ணு இந்த ஆள் இங்க இருக்கணும், இல்லே என் சாஃப்ட்வேர் இருக்கணும்."

கோதண்டம் யோசிக்கவே இல்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு யார் யோசிப்பார்கள்? "பாஸை கேட்ல குடுத்துட்டு கெளம்புப்பா."

"சார், போன மாசந்தான் தண்டலத்துல ரூம் பிடிச்சு வீட்டுக்காரியக் கூட்டியாந்தேன். திடீர்னு போன்னா நான் எங்க சார் போவேன்?"

"அத்த மின்னாடியே யோசிச்சிருக்கணும்."

மாசானம் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரையும் சர்வர் ரூம் சாவியையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

ஸ்ரீதருக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைந்து புரோகிராமை ஓடவிட்டான். இணைப்பு கிடைத்தது. வழக்கம்போல், தான் உள்ளே நுழைந்த விண்டோவை, அந்தத் திரை ஜன்னலை, மூடினான்.

'இணைப்பு கிடைக்கவில்லை.'

மறுபடி ஓடவிட்டான். மறுபடி மூடினான். மறுபடி செத்தது.

இந்த முறை மாசானம் பக்கத்தில் இல்லை. சாவியும் மேஜைமேல்தான் இருந்தது.

அப்போதுதான் ஸ்ரீதருக்கு உறைத்தது. எந்த ஜன்னலிலிருந்து புரோகிராமைக் கிளப்புகிறோமோ, அதை மூடினால் புரோகிராமும் கூடவே செத்துவிடும். ஜன்னலோடு ஒட்டாமல் தனியாகக் கழற்றிவிட்டு ஓடவைக்க வேண்டும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அதைக் கொன்றுவிட்டுப் போனது அவனேதான்.

சத்தமில்லாமல் சரிசெய்தான். இப்போது ஜன்னலை மூடினாலும் ஓடியது.

"பார்த்தீங்களா சார்!" கோதண்டம் தொடையைத் தட்டினார். "ஆளு கெளம்பினான், மெஷினு ஒழுங்கா ஓடுது!"

உண்மையைச் சொன்னால் மானம் போகும், ஆர்டரும் போகும். கான்ட்ராக்ட் ஆள்தானே, வேறு இடம் கிடைக்காமலா போய்விடும்?

"ஆமா சார்," என்றான், கூசாமல்.

தேங்கிக் கிடந்த குறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கோதண்டம் உற்சாகமாக உரக்கப் படித்தார்.

"நைட் ஷிப்ட் பஸ் லேட்டு... சாம்பார்ல பருப்பே இல்ல... அட, இன்னா சார் இது! உங்களப் பத்திக்கூட ஒண்ணு கீது!"

"என்னைப் பத்தியா?"

ஸ்ரீதர் எட்டிப் பார்த்தான்.

'கம்ப்யூட்டர் சார் வந்ததுலேருந்து பிஸ்கட்டத் தின்னுட்டு வேல பாக்காவ. பசியிலதான் எல்லார்மேலயும் எரிஞ்சு விழுதாவ. மத்தபடி நல்ல பிள்ள. அவியளுக்கு ஒரு கேன்டீன் டோக்கன் குடுக்கணும். இப்படிக்கு, எலக்ட்ரீசியன் மாசானம்.'

அதற்குக் கீழே சாஃப்ட்வேர் ஒரு பிழையும் இல்லாமல் பிரித்துக் காட்டியிருந்தது.

'யாருக்கு: கம்ப்யூட்டர் சார். என்ன குறை: பசி. சொன்னவர்: மாசானம்.'

ஸ்ரீதர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினான்.

கோதண்டம் ஜன்னலைத் திறந்து கத்தினார்.

"டோக்கனு என்கிட்டல்ல வாங்கணும்! கேட்டாண்ட எதுக்கு சார் ஓடறீங்க?"