கிரேனுக்குக் கை காட்டுகிறவன்

வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் அவன் உள்ளே வந்தான்.

பல்வலிக்காரன் மாதிரி இருக்கிறாய் என்று வாசலிலேயே அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி கிண்டல் செய்தாள். செய்யட்டும். இந்த ஒரு மணி நேரம் பேசவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தான்.

கூடம் பாதி வெளிச்சத்தில் கிடந்தது. மின்விசிறி ஓடவில்லை. மைக் இல்லை. வந்திருந்தவர்கள் செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு நடந்தார்கள்.

மாதத்தில் முதல் ஞாயிறு, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை. சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகளுக்கென்று அந்த அருங்காட்சியகத்தை இப்படித் திறந்துவைக்கிறார்கள். மதில் சுவரில் ஒட்டியிருந்ததை அவனேதான் படித்தான். நாற்பது வயதில் கற்ற எழுத்து. படித்து முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.

அன்றைக்கே ஊரிலிருந்த அஞ்சலாட்சிக்குப் போன் போட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றான்.

மகள் செவ்வந்திக்கு ஒன்பது வயது. பேச்சு கிடையாது. குக்கர் விசிலுக்குக் கொல்லைக்கு ஓடுவாள். தெருவில் மேளம் போனால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

எல்லாவற்றையும்விட அவளால் தாங்க முடியாதது ஒன்று இருந்தது.

அப்பன் குரல்.

பன்னிரண்டு வருஷம் கான்கிரீட் உடைக்கிற மிஷினைப் பிடித்தவன். காது மந்தமாகிவிட்டது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவான். அவன் வாயைத் திறந்தால் அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வாள். நாலு வயதுக்குப் பிறகு, அவன் தூக்கப் போனால் வருவதும் இல்லை.

வராவிட்டால் போகட்டும். கண்ணுக்கு நேராக, காதைப் பொத்தாமல், ஒரு தடவை அவனைப் பார்த்தால் போதும்.

கூடத்தின் நடுவில் திமிங்கலம் தொங்கியது. வெறும் எலும்பு. உத்தரத்திலிருந்து நாலு இரும்புக் கயிறு.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படி ஒரு முகம் அவளுக்கு உண்டு என்றே அவனுக்குத் தெரியாது.

அவனால் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து, ரகசியமாகத்தான் சொன்னான்.

"செவ்வந்தி, திமிங்கலம்டா."

அந்த ரகசியம் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். அந்தக் கோடியில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

செவ்வந்தி காதைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் சுருண்டுவிட்டாள்.

அஞ்சலாட்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் வந்து, அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீ வெளிய போயி நில்லுய்யா. நான் பாத்துக்கறேன்."

கதவுப் பக்கம் நடந்தான்.

நாலு எட்டு போனதும் திரும்பிப் பார்த்தான். தூணுக்கு இந்தப் பக்கம் அவள் கண் மட்டும் தெரிந்தது. காதில் கை அப்படியே இருந்தது.

அவன் கை தானாக எழுந்தது.

இரண்டு வருஷமாக அவனுக்குக் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை. அந்த இரைச்சலில் யார் பேச்சும் எடுபடாது. கட்டைவிரல் மேலே பார்த்தால், தூக்கு. உள்ளங்கை கீழே பார்த்துத் தாழ்ந்தால், இறக்கு. முஷ்டியை மூடினால், எது எங்கே இருக்கிறதோ அங்கேயே நில்.

உள்ளங்கையைக் கீழே காட்டினான். மெல்லத் தாழ்த்தினான். கிரேனில் கண்ணாடிப் பலகை இறக்கும்போது தாழ்த்துகிற மாதிரி.

காதிலிருந்து அவள் கை இறங்கியது.

அவன் கை இறங்கிய அதே வேகத்தில்.

கன்னத்துக்கு வந்தது. தோளுக்கு வந்தது. அவன் முஷ்டியை மூடினான். அவள் கை நின்றது.

ஊரிலிருந்து வந்த மூன்று நாளும், வேலை நடக்கிற இடத்துத் தகரக் கொட்டகையில், ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். காதைப் பொத்திக்கொண்டு, சாப்பிடக்கூட வராமல்.

கிரேனைப் பார்க்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அவள் தூணை விட்டு வெளியே வந்தாள். திமிங்கலத்துக்குக் கீழே போய் நின்றாள். அவனைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்லத் தாழ்த்தினாள்.

இறக்கு.

அவன் கயிறுகளைப் பார்த்தான். முடிச்சு, கொக்கி, போல்ட். நல்ல வேலைக்காரன் எவனோ மாட்டியிருக்கிறான். இறங்காது என்று தலையாட்டினான்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

கட்டைவிரலை மேலே காட்டினாள்.

அதுதான் ஏற்கெனவே மேலே இருக்கிறதே என்று நினைத்தான். அவள் அவனைப் பார்த்து இன்னொரு தடவை காட்டினாள். அவனுக்கு அப்போதும் பிடிபடவில்லை. அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்துவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஒரு எட்டு வைத்து நின்றான். அவள் விரல் மடங்கவில்லை. இன்னொரு எட்டு வைத்தான்.

தூக்கினான்.

அரை மூட்டை சிமெண்ட் கனம் இருந்தாள். கடைசியாகத் தூக்கியபோது ஒரு கூடை மணல்கூட இருக்க மாட்டாள். நடுவில் ஏறிய கனம் எதுவும் அவன் கைக்குத் தெரியாது.

அவள் ஒரு கையை நீட்டினாள். விலா எலும்புக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவன் குதிகாலை எடுத்தான். அப்போதும் எட்டவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவள் காது அவன் வாயோடு ஒட்டி இருந்தது.

அவள் பேர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

கதவோரத்தில் நின்ற பணிப்பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது. வெளியே வரிசையில் நின்றவர்களின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பணிப்பெண் விளக்குப் பலகை பக்கம் போய், சுவிட்சுகள் மேல் கையை வைத்தாள்.

அவன் பிள்ளையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

மற்றக் கையைத் தூக்கி, முஷ்டியை மூடினான்.

அந்தப் பெண்ணுக்கு அந்தச் சைகை தெரியாது.

ஆனாலும் அவள் கை, இருந்த இடத்திலேயே நின்றது.