மூணாவது பேஸ்

வேன் நிரம்பி வழிந்தது. அம்சவள்ளிக்குப் பக்கத்து சீட் மட்டும் காலியாகக் கிடந்தது.

மற்ற சீட்டுகளில் மூணு மூணு பேராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முட்டி இடித்தாலும் பரவாயில்லை, அவள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று அத்தனை வைராக்கியம்.

பின்னே, கைக்கு வந்த ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்தவள் ஆச்சே!

மரக்காணத்தில் சாப்ட்பால் மேட்ச். கிளியனூர் பொண்ணுங்களும் உள்ளூர் பொண்ணுங்களும் ஆளுக்கொரு ரன் எடுத்திருந்தார்கள். கடைசி இன்னிங்ஸில் உள்ளூர் டீமின் திரௌபதி ஓங்கி ஒரு அடி அடித்தாள் பாருங்கள், பந்து சவுக்குத் தோப்புக்குள் போய் விழுந்தது. அதைத் தேடி எடுத்து வருவதற்குள் மைதானத்தின் நாலு மூலையிலும் கிடக்கிற பேஸ் பலகைகளைச் சுற்றி ஓடி வந்துவிட்டாள். ரெண்டுக்கு ஒண்ணு. ஆட்டம் முடிந்தது.

அதோடு போயிருந்தால் வெறும் தோல்விதான். வேன் கிளம்புகிற நேரத்தில், டீ குடித்துக்கொண்டிருந்த அம்பயர் சும்மா இருக்காமல் பி.டி. டீச்சரிடம் வாயைத் திறந்தார்.

அந்தத் திரௌபதி மூணாவது பேஸை மிதிக்கவே இல்லையாம். தாண்டிக் குதித்துப் போனாளாம். பேஸை மிதிக்காவிட்டால் அவுட். ஆனால் அம்பயர் தானாகச் சொல்லக் கூடாது, எதிர் டீம் கேட்டால்தான் கையைத் தூக்கலாம். கிரவுண்டை விட்டு வெளியே வந்த பிறகு தலைகீழாக நின்றாலும் நடக்காது.

"உங்க பொண்ணு ஒண்ணு அங்கதாங்க நின்னுச்சு. அது கண்ணு முன்னாடிதான் தாண்டினா. பந்தும் அது கைக்குத்தான் வந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவுட் குடுத்திருப்பேன்" என்றார்.

அந்தப் பொண்ணுதான் அம்சவள்ளி.

அவளுக்கும் மரக்காணம்தான் சொந்த ஊர். கடல் உள்ளே ஏறி, வேலை பார்த்த உப்பளம் சேறாகிப் போனதும், அப்பாவும் அம்மாவும் இவளைக் கிளியனூரில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ மரக்காணம்'தான். மத்தியானச் சோறுகூடத் தனியாகத்தான் சாப்பிடுவாள். டீமில் சேர்ந்ததே நாலு பேர் முகம் கொடுத்துப் பேசுவார்களே என்கிற ஆசையில்தான்.

இன்றைக்கு மத்தியானம் அதுவும் நடந்தது. கிளியனூருக்குக் கிடைத்த ஒரே ரன் இவள் எடுத்தது. கேப்டன் ஃபர்ஹானா ஓடி வந்து கட்டிப்பிடித்து, "சூப்பர்டி அம்சா" என்றாள். அம்சா! வீட்டில் அம்மா மட்டும் கூப்பிடுகிற பேர். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

அது எல்லாம் மூணு மணி நேரத்துக்கு முந்தைய கதை. இப்போது மறுபடியும் மரக்காணம் ஆகிவிட்டாள்.

அடுத்த மேட்சுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக டீச்சர் முன்சீட்டிலிருந்தே சொல்லிவிட்டார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஃபர்ஹானாதான் பொறுக்க முடியாமல் திரும்பினாள். "சொந்த ஊரு பொண்ணுன்னு விட்டுட்ட, இல்ல?"

அம்சவள்ளி இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பொண்ணு யாரென்றே தனக்குத் தெரியாது, ஏதோ உப்பளத்து வீட்டுப் பொண்ணு என்பது மட்டும் தெரியும் என்றாள்.

"அப்ப நீ பார்க்கலையா?"

"பார்த்தேன்க்கா."

வேன் மொத்தமும் கொதித்துப் போனது. ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். எல்லாம் அடங்குகிற வரைக்கும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது உப்புக்கா" என்றாள் பிறகு.

மூணாவது பேஸுக்கான ரப்பர் பலகை கிழிந்துபோய், அதற்குப் பதிலாக உள்ளூர்க்காரர்கள் அரை மூட்டை உப்பைத் தட்டையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் என்ன என்றாள் ஃபர்ஹானா.

"மூட்டை கட்டின உப்பை நாங்க மிதிக்க மாட்டோம்."

பின்சீட்டில் ஒருத்தி சிரித்தாள். காலம் பூரா உப்பிலேயே நிற்கிறவர்களுக்கு இது என்ன புதுசாக என்று கேட்டாள்.

"பாத்தியில கிடக்கிற வரைக்கும் அது வேலை. மூட்டையில ஏறிட்டா அது சோறு. தெரியாம கால் பட்டாக்கூடத் தொட்டுக் கும்பிடுவோம். சின்ன வயசுலேர்ந்து பழகின காலு, ஓடுற வேகத்துல தானா தாண்டிடும்க்கா."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஃபர்ஹானா விடுவதாக இல்லை. அவள் கேட்டதிலும் தப்பில்லை.

"சரி, அது அவங்க வீட்டுப் பழக்கம். அதுக்காக நாம ஏன் தோக்கணும்?"

அத்தனை தலையும் இவள் பக்கம் திரும்பியது. அம்சவள்ளியிடம் பதில் இல்லாமல் இல்லை. சொன்னால் மத்தியானம் கிடைத்த அந்த ஒரு அணைப்பும் தனக்கில்லை என்று ஆகிவிடும். அதை நினைத்துத்தான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

இப்போது சொல்லிவிட்டாள்.

"நம்ம ரன்னுக்கு ஓடுறப்போ நானும் அதை மிதிக்கலைக்கா. அப்ப அங்க நின்னுட்டிருந்தது, பின்னாடி தாண்டுச்சே, அந்தப் பொண்ணுதான். என் காலைப் பார்த்தா, என் மூஞ்சியைப் பார்த்தா. அம்பயர்கிட்ட ஒண்ணும் கேக்காம பந்தைத் தூக்கி, அவங்க டீம்ல பந்து போடுற பொண்ணுகிட்ட போட்டுட்டா."