இரண்டாவது தாள்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவள் ஆபீஸ் டைப்பிஸ்ட்தான். மேனேஜரெல்லாம் அதற்கப்புறம்.

பத்தொன்பது வருடமாகக் கிடங்குக் காவல் பார்க்கிறேன். ஏழு மாதத்துக்கு முன்னால், காலையில் தாமதமாக வந்ததற்கு மெமோ கொடுத்தார்கள். அதில் என் பெயருக்குக் கீழே 'தற்காலிகக் காவலர்' என்று இருந்தது.

தற்காலிகம்! நான்!

அடித்தவள் அவள். அவளாக உணர்ந்து திருத்தட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஏன் தாமதம் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை ஆபீசில் அவிழ்த்துக் கொட்டுகிற ஆள் இல்லை நான்.

அவள் திருத்தவில்லை. ஒவ்வொரு மெமோவிலும் அதே தற்காலிகம். அவள் இரண்டு தாளை நீட்டுவாள். மேல் தாளில் அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்பேன். மற்றதைப் படிக்காமலே இரண்டிலும் கோணலாகக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு வந்துவிடுவேன்.

பதிலுக்கு நானும் சும்மா இல்லை. ஏழு மாதமாக அவள் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்த விட்டதில்லை.

இன்று பன்னிரண்டாவது மெமோ. நான் போய் நின்றதும் அவள் மவுஸை இரண்டு தட்டு தட்டினாள். பிரிண்டர் தாளைத் துப்பியது.

"ஏம்மா, நீ டைப்பே பண்ணலையே?"

"டெம்ப்ளேட் ஐயா. ஒரு தடவை அடிச்சு வெச்சுட்டாப் போதும். அப்புறம் தேதியை மட்டும் மாத்திக்கலாம்."

திரையைத் திருப்பிக் காட்டினாள். வரிசையாக மஞ்சள் உறைகள். விடுப்பு. சம்பளச் சான்று. டெண்டர். கடைசியில் 'கிடங்கு ஐயா'.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"எனக்குன்னு தனியா அச்சு வார்த்து வெச்சிருக்கியா? என்னைத் திட்டறதுக்குக்கூட உட்கார்ந்து நாலு வரி அடிக்க உனக்குக் கை வலிக்குதா?"

பக்கத்து மேஜைக் கணக்கர் சிரித்தார். "ஒரு டஜன் ஆயிடுச்சே ஐயா. ஒண்ணு இலவசமாக் கேளுங்க."

"உன் வேலையைப் பாருய்யா!" என்று அவரை அடக்கிவிட்டு அவளிடம் திரும்பினேன். "அழி. என் கண்ணு முன்னாடி இப்பவே அழி."

அவள் கை அப்படியே நின்றது. "ரெண்டையுமா ஐயா?"

"ரெண்டா?"

"மெமோ ஒண்ணு. அதுக்கு நீங்க குடுக்கிற விளக்கம் ஒண்ணு."

"நான் எப்பம்மா விளக்கம் குடுத்தேன்?"

இரண்டாவது தாளை எடுத்து என் கையில் வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மனைவியைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு வருவதால் இன்றும் தாமதமாகிவிட்டது. அருள்கூர்ந்து மன்னிக்க வேண்டுகிறேன்.'

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. முதல் மெமோ அன்னைக்கு நீங்க பேனாவை உருவினப்போ, பையிலேர்ந்து ஆஸ்பத்திரிச் சீட்டு விழுந்துச்சு. நான்தானே எடுத்துக் குடுத்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "மூணு மெமோவுக்கு விளக்கம் வரலைன்னா வேலையை விட்டு எடுத்துடுவாங்க ஐயா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

கணக்கர் இப்போது சிரிக்கவில்லை. மேஜைக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அழிக்கட்டுமா ஐயா?"

பேனாவை எடுத்தேன். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் நேராகவே வந்தது.

வெளியே வந்து அவள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் நிழலில் நிறுத்தினேன். சீட் கொதித்தது.

ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. என் பேரைச் சொல்லி மேனேஜரிடம் இத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். இன்றைய மெமோவிலும் அதே 'தற்காலிகம்'. அதற்கு என்னிடம் ஒரு தடவையாவது கேட்டாளா?

அவளாகக் கேட்கட்டும். நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அது எனக்கு வரவேண்டிய பாக்கி.