மொட்டைப் பங்கு

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? மினுக்குற கோழியெல்லாம் ஒரு பட்டியில, மொட்டையெல்லாம் இன்னொரு பட்டியிலன்னு எவளாவது பிரிப்பாளா?"

பெலார்மினோ தலையில் கை வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி எர்மிந்தா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வேகவைத்த மீன்தலையையும் ஓட்ஸையும் பிசைந்து, இடித்த சிப்பி ஓட்டைத் தூவி, மொட்டைக் கோழிகளுக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் மாதம். பூமியின் தென்பாதியில் இருக்கும் சிலோயே தீவில் இது இலையுதிர்காலம், கோழிகள் இறகு உதிர்க்கும் பருவம். அந்தப் பத்துக் கோழிகளையும் பார்க்கச் சகிக்கவில்லை. கழுத்தில் ஒன்றுமே இல்லை, வால் இருந்த இடத்தில் இரண்டு குச்சி. அடுத்த பட்டியில் இருந்த பத்தும் கல்யாணத்துக்குக் கிளம்பினது மாதிரி பளபளவென்று நின்றன.

மூன்று வருடம் முன்னால் பெலார்மினோவின் அக்கா சுனில்தா ஆறு கோழிகளை, பெருகுவதில் ஆளுக்குப் பாதி என்று வாரத்துக்கு வளர்க்கக் கொடுத்திருந்தாள். பெருகி இருபதாகிவிட்டன. இன்றைக்குப் பங்கு பிரிக்கிற நாள். வளர்த்தவள் இரண்டு பங்காகப் பிரித்து வைக்க வேண்டும், கொடுத்தவள் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு ஒரு பேச்சும் கிடையாது. இது தீவின் வழக்கம். மிஞ்சும் பத்துதான், கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் எர்மிந்தாவுக்கென்று வரப்போகும் முதல் சொத்து.

"அஞ்சு மினுக்கு, அஞ்சு மொட்டைன்னு கலந்து வை புள்ள. அக்கா எதை எடுத்தாலும் நமக்கு மோசமில்ல."

"உங்கக்கா வாய் சும்மா இருக்குமா? 'மொட்டைக் கோழியை என் தலையில கட்டிட்டா'ன்னு சாகுறவரைக்கும் சொல்லிக் காட்டுவா. நிறைஞ்ச மனசோட போகட்டும். எனக்கும் ரோஷம்னு ஒண்ணு இருக்குய்யா."

"ரோஷத்தை அடுப்புல வெச்சு வேகவெச்சுத் திங்கப் போறியா?"

அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். படகுத்துறையில் கடை வைத்திருக்கும் சுனில்தா, நாலு கூடைகளோடு இறங்கினாள். மொட்டைகளைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"அடிப்பாவி! கோழி வளர்த்தியா, உயிரோட உரிச்சியா?"

"இறகு உதிர்ற பருவம்க்கா."

"இந்தப் பக்கம் நிக்கிற பத்துக்கும் அதே பருவம்தானே? இதுங்களுக்கு மட்டும் தீனியைப் போட்டுட்டு அதுங்களைப் பட்டினி போட்டியாக்கும்!"

எர்மிந்தாவுக்குச் சுருக்கென்றது. மழையிலும் பனியிலும் ஒரு நாள் தவறாமல் தீனி வைத்தவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டாள். சுனில்தா குனிந்து ஒரு மொட்டையைத் தூக்கப் போனாள்.

"தொடாதீங்க! முள்ளிறகு முளைக்கிற நேரம். அமுக்கினா ரத்தம் வந்துடும்."

"ஐயோ, மகாராணிங்க! தொடக்கூடக் கூடாதாம்."

"அக்கா, எடுக்கிறதுக்கு முன்னாடி எந்தக் கோழியைப் பத்தி வேணும்னாலும் கேளுங்க. ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன்."

"ஏன், எனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? உன்னைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, கூடையைத் திறக்கவில்லை. இரண்டு பட்டியையும் இரண்டு முறை சுற்றி வந்தாள். எர்மிந்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, உன் பொண்டாட்டி அவ்வளவு நல்லவளா? நல்லதெல்லாம் ஒரே பங்குல வெச்சிருக்கா, இதுல என்னடா சூது?"

"அதைத்தானக்கா காலையிலேர்ந்து நானும் முட்டிக்கிறேன்!" பெலார்மினோவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சொன்னா கேக்கமாட்டேங்கிறா. ரோஷமாம் ரோஷம்! நீயாவது மனசு வெச்சுக் கலந்து எடுத்துக்கக்கா."

சுனில்தாவின் முகம் மலர்ந்தது.

"வழக்கம்னா வழக்கம்தான் தம்பி. மினுக்கை ஏத்து வண்டியில."

வண்டி திரும்பி, சேற்றுப் பாதையில் மறையும்வரை எர்மிந்தா அசையாமல் நின்றாள். பெலார்மினோ பட்டிக் கதவை ஓங்கி உதைத்தான்.

"போச்சு! எல்லாம் போச்சு! இந்த மொட்டைங்களை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப்போற?"

எர்மிந்தா நிமிர்ந்தாள். கல்யாணமான பதினொரு வருடத்தில் அவள் முகத்தில் இப்படி ஒரு பெருமையை அவன் பார்த்ததில்லை.

"உங்கக்கா கடைக்குக் கூடை கூடையா நம்ம தீவுக் கோழியோட நீல முட்டை போச்சே, அதெல்லாம் யாரு போட்டதுன்னு நினைக்கிற? இந்தப் பத்தும்தான்! போன வாரம்வரைக்கும் ஒருநாள் ஓய்வில்லாம போட்டுதுங்க. உடம்புச் சத்தெல்லாம் முட்டையா போய்த்தான் இப்ப மொத்தமா கொட்டுது. தீனி வெச்சுத் தேத்திட்டேன்னா வசந்தத்துல முதல் முட்டை நம்ம வீட்டுலதான்யா. அக்கா தூக்கிட்டுப் போனது எல்லாம் ஜனவரியிலயே முட்டையை நிறுத்திட்டு, சாவகாசமா புது இறகு போட்டுக்கிட்ட சோம்பேறிக் கூட்டம்."

பெலார்மினோ வாயைப் பிளந்தான். மொட்டைகளை ஒருமுறை பார்த்தான், மனைவியை ஒருமுறை பார்த்தான்.

"அடிப்பாவி, இதை என்கிட்டயாவது முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அக்கா முன்னாடி அப்படி அழுதேனே!"

"அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகுதானேய்யா உங்கக்கா கூடையைத் திறந்தா!"